வோபானுக்கும் மாஜினோவுக்கும் நடுவே விடுபட்ட பெயர்: ஜெனரல் செரே த ரிவியேர்

#1 அகழிக்கரை

பள்ளிப் பாடத்தில் பிரான்ஸின் மாஜினோ அரண்வரிசையைப் படிக்காதவர்கள் குறைவு. பதினான்காம் லூயிக்குக் கோட்டைகள் கட்டிக்கொடுத்த வோபானையும் வரலாற்று ஆர்வலர்கள் அறிவார்கள். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பிரான்ஸின் எல்லை முழுவதையும் ஒரே வரைபடமாக எண்ணிப் பார்த்து, பத்தாண்டுக்குள் 150-க்கும் மேற்பட்ட கோட்டைகள் எழக் காரணமாக இருந்தவர் ஒருவர் உண்டு. ரேமோன் அடோல்ஃப் செரே த ரிவியேர். பொறியாளர் படையின் ஜெனரல். தமிழில் அவரைப் பற்றி ஒரு பத்தி கூட நான் படித்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

1815 மே 20 அன்று தென் பிரான்ஸில் அல்பி நகரில் பிறந்தார். நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்வதற்கு ஒரு மாதம் முன்பு. 1835-இல் பாரிஸின் எகோல் பொலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கிருந்து மெட்ஸ் நகரிலிருந்த பீரங்கி, பொறியாளர் படைகளுக்கான பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அதன்பின் முப்பது ஆண்டுகள் ஒரு பொறியாளர் அதிகாரியின் வழக்கமான வாழ்க்கைதான்: ஊர் ஊராக மாற்றல், சுவர் பழுதுபார்த்தல், படைவீடு கட்டுதல், கணக்கு எழுதுதல். 1859 இத்தாலியப் போருக்கும் போய் வந்தார். நீஸ், பிறகு 1864-இல் மெட்ஸ், 1868-இல் லியோன்.

இந்த மூன்று ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இத்தாலி எல்லை, ஒன்று ஜெர்மனி எல்லை, ஒன்று இரண்டுக்கும் பின்னே நிற்கும் பெருநகரம். வேறொருவருக்கு இவை மூன்று மாற்றல் உத்தரவுகளாக மட்டுமே இருந்திருக்கும். இவர் ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது: எதிரி எந்தச் சாலையில் வருவான்? எந்த ரயில்பாதையில் அவனுக்குச் சோறும் குண்டும் வரும்?

மெட்ஸில் அவர் பொறுப்பில் நான்கு பெரிய கோட்டைகள் ஊரைச் சுற்றி எழத் தொடங்கின. 1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவைத் தோற்கடித்த பிறகு பிரான்ஸுக்கே வயிற்றில் புளி கரைத்த காலம் அது. 1870-இல் பிரஷ்யாவோடு போர் வந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை.

#2 மணல்வீடு

நல்ல இழை, ஐயா. ஒரு ஐயம். மெட்ஸ் என்றால் மார்ஷல் பாஸேன் தன் முழுப் படையோடு சரணடைந்த ஊர்தானே? அந்தக் கோட்டைகள் அப்போது என்ன செய்தன?

#3 அகழிக்கரை

ஆம், அதே மெட்ஸ்தான். நீங்கள் கேட்டது இந்த மனிதருடைய வாழ்க்கையில் மிகக் கசப்பான முடிச்சு.

முடியாத கோட்டைகளாக இருந்தும் அவற்றை ஜெர்மானியர்கள் நேரடியாகத் தாக்கிப் பிடிக்க முயலவில்லை. ஊரைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். உள்ளே பாஸேன் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கும் மேற்பட்ட படையோடு உட்கார்ந்திருந்தார். 1870 அக்டோபர் 27 அன்று சரணடைந்தார். படையைக் காக்க எழுப்பிய சுவர்களே, வெளியே வர மனமில்லாத தளபதிக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டன.

இதில் விதியின் திருப்பம் ஒன்று உண்டு. போர் முடிந்தபின் பாஸேன் மீது இராணுவ நீதிமன்ற வழக்கு வந்தது. அதற்கான புலனாய்வு நடத்தி முழு அறிக்கை எழுதும் பொறுப்பு யாரிடம் போயிற்று தெரியுமா? செரே த ரிவியேரிடம். மெட்ஸைச் சுற்றியுள்ள மேடு பள்ளம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எங்கே உடைத்து வெளியேறியிருக்கலாம், எத்தனை நாளைக்கு உணவு இருந்தது, எந்தக் கடிதம் எப்போது போனது என்று நாள்வாரியாக அடுக்கினார். 1873 அக்டோபரில் வெர்சாய் வளாகத்தின் த்ரியனோன் மாளிகையில் வழக்குத் தொடங்கியபோது அந்த அறிக்கையைப் படித்து முடிக்கவே பல அமர்வுகள் ஆயின. டிசம்பர் 10 அன்று மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாஸேன் தீவுச் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார்.

எல்லாத் தோல்வியையும் ஒரு மனிதன் தலையில் கட்ட அந்த வழக்கு உதவியது என்று சொல்வோர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் செடானில் சரணடைந்தவர்தானே. ஆனால் அறிக்கை எழுதியவரின் உழைப்பு வீண்போகவில்லை. ஒரு நாடு எப்படித் தோற்றது என்பதை ஆவணம் ஆவணமாகப் படித்தவர், அடுத்து அந்த நாட்டை எப்படிக் காப்பது என்று எழுத உட்கார்ந்தார். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

#4 செம்பருத்தி

அகழிக்கரை அவர்களே, 1870-இலிருந்து 1873-க்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் 1871 இருக்கிறது.

பாரிஸ் மக்கள் அமைத்த கிளர்ச்சி அரசான பாரிஸ் கம்யூனை ஒடுக்க வெர்சாயிலிருந்து வந்த அரசுப் படையில் இவரும் இருந்தார். நகரின் தெற்கே இருந்த இஸ்ஸி, வான்வ், மோன்ரூஜ் கோட்டைகளைப் பீரங்கி கொண்டு நொறுக்கி எடுத்ததில் பொறியாளர் படைக்குப் பெரும் பங்கு. அந்தக் கோட்டைகள் விழுந்ததால்தான் வெர்சாய்ப் படை மே 21 அன்று நகருக்குள் நுழைந்தது. அதன்பின் ஒரு வாரம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் நிறுத்திச் சுட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். சொந்த நாட்டின் மக்கள்.

ஒரு பொறியாளரின் திறமையைப் பாராட்டும்போது அந்தத் திறமை யார்மீது திரும்பியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். என் தாத்தா அச்சுக்கூடத் தொழிலாளி. மே மாதம் வந்தால் பாரிஸ் கம்யூன் கதையை எங்களை உட்காரவைத்துச் சொல்வார். எனக்கு இது வெறும் அடிக்குறிப்பு ஆகாது.

#5 அகழிக்கரை

செம்பருத்தி அவர்களுக்கு: நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் தாவியது தவறு. அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை.

நிகழ்ந்ததை வரிசையாக வைக்கிறேன். 1870 குளிர்காலத்தில் அவர் பிரான்ஸின் கிழக்குப் படையில் பொறியாளர்களுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் படை பெல்ஃபோர் நகரை மீட்கப் போய்த் தோற்று, பனியில் சிதைந்து, 1871 பிப்ரவரி 1 அன்று ஏறத்தாழ 87,000 பேராக சுவிட்சர்லாந்துக்குள் அடைக்கலம் புகுந்தது. பின்னால் துரத்தி வந்த ஜெர்மானியர்களை எல்லைக் கணவாயில் ஜூ கோட்டையின் பீரங்கிகள் தடுத்து நிறுத்தின. ஒரு பழைய மலைக்கோட்டை ஒரு பாதையை அடைத்ததால் பல்லாயிரம் பேர் உயிர்தப்பியதை அவர் பார்த்தார். மூன்று மாதம் கழித்து, பாரிஸின் கோட்டைகளை அவரே உடைத்தார். இரண்டும் ஒரே கைதான்.

#6 காரைச்சட்டி

நான் கட்டுமானத் துறையில் முப்பத்தோரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். அரசியலை மற்றவர்கள் பேசட்டும். இந்தக் கோட்டை என்பது என்ன பொருள் என்று கொஞ்சம் சொல்கிறேன். நம் மக்களுக்குக் கோட்டை என்றால் செஞ்சியும் வேலூரும் கண்முன் வரும், உயர்ந்த மதில், மேலே கொடி. செரே த ரிவியேர் கோட்டையை அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு மாதிரித்தான் தெரியும். கட்டடம் முழுவதும் மண்ணுக்குள் பதுங்கியிருக்கும்.

பல கோணங்கள் கொண்ட வடிவம். சுற்றிலும் கல் கட்டிய ஆழமான உலர் அகழி. அகழியின் மூலைகளில் தாழ்வான சிறு கட்டடங்கள் துருத்திக்கொண்டிருக்கும். அகழிக்குள் எவன் குதித்தாலும் அங்கிருந்து நீளவாக்கில் சுட்டுத் துடைத்துவிடலாம். உள்ளே கல் வளைவுகளாலான படைவீடு, அதன்மேல் பல மீட்டர் மண். மேட்டின் உச்சியில் திறந்தவெளியில் பீரங்கிகள், ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே ஒரு மண்திட்டு. ஒரு குண்டு விழுந்தால் பக்கத்திலுள்ள பீரங்கிக்குச் சேதம் வராது.

வெடிமருந்துக் கிடங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மின்விளக்கு இல்லாத காலம். கிடங்குக்குள் வெளிச்சம் வேண்டும். எண்ணெய் விளக்கைக் கொண்டுபோனால் எல்லோரும் விண்ணுக்குப் போவோம். என்ன செய்தார்கள்? கிடங்குச் சுவருக்கு மறுபுறம் தனியாக ஒரு குறுகிய நடைவழி. சுவரில் ஒரு மாடம், மாடத்தின் கிடங்குப் பக்கத்தை மூடித் தடித்த கண்ணாடி. விளக்கேற்றுபவர் அந்த நடைவழியில் வந்து மாடத்தில் விளக்கை வைத்துவிட்டுப் போவார். ஒளி கண்ணாடி வழியே உள்ளே போகும், தீ போகாது. விளக்குள்ள காற்றும் மருந்துள்ள காற்றும் சந்திப்பதே இல்லை. இந்த ஒரு மாடத்துக்காகவே அந்தப் பொறியாளர்களை நான் கும்பிடுவேன்.

ரொட்டி சுடும் அடுப்பு, மழைநீர்த் தொட்டி, சிறு மருத்துவ அறை, எல்லாம் உள்ளேயே. முற்றுகையில் பல மாதம் தாங்க வேண்டும் என்பது கணக்கு.

#7 பாரிஸ்_புறநகர்

காரைச்சட்டி அண்ணா சொன்ன மாடத்தை நான் பார்த்திருக்கிறேன்!

புதுச்சேரியில் பிறந்து இருபது ஆண்டாகப் பாரிஸின் தென்கிழக்குப் புறநகரில் வாழ்கிறேன். பாரிஸைச் சுற்றி 1870-க்குப் பிறகு எழுந்த இரண்டாவது கோட்டை வளையமும் இதே ஜெனரலின் திட்டம்தான். வில்நேவ் சேன் ஜோர்ஜ் கோட்டையில் இப்போது பாரிஸ் தீயணைப்புப் படையினர் பயிற்சி செய்கிறார்கள். பலேசோ கோட்டை விமான ஆய்வு நிறுவனத்தின் கையில். வோஜூர் கோட்டையில் அணுகுண்டு தொடர்பான வெடிப்புச் சோதனைகள் பல ஆண்டு நடந்தன. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுபிறவி.

சூசி என்ற ஊரின் கோட்டையைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து பார்வையாளர்களுக்குத் திறந்துவைக்கிறார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் போனேன். வெளியே வெயில், வாயிலைத் தாண்டிப் பத்து அடி வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியது போன்ற குளிர். சுவர்க் கல் இந்தப் பகுதிக்கே உரிய, தேனடை மாதிரித் துளைகள் நிறைந்த பழுப்புக் கல். விரல் நுனி அந்தத் துளைகளில் மாட்டிக்கொள்ளும். வழிகாட்டிய பெரியவர் ரொட்டி அடுப்பின் வாயைக் காட்டியபோது என் அம்மா வீட்டு விறகடுப்பின் வாசம் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் செரே த ரிவியேரின் பெயரை விளக்கிச் சொல்லவில்லை. பலகையில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

#8 நேர்கோடு

அனைவரும் பாராட்டும்போது ஒருவராவது எதிர்க்கேள்வி கேட்க வேண்டும்.

1885-இல் தூர்பேன் என்ற வேதியியலாளர் மெலினைட் என்ற வெடிமருந்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு குண்டுக்குள் இருந்தது கரும்பொடி. மெலினைட் நிரப்பிய நீண்ட எஃகுக் குண்டு மண்ணுக்குள் புகுந்து வெடிக்கும். 1886-இல் பிரெஞ்சு இராணுவமே தன் மல்மெஸோன் கோட்டையைச் சுட்டுப் பார்த்தது. கல் வளைவுகள் பொத்துக்கொண்டு விழுந்தன. அதாவது பல கோட்டைகளில் காரை காய்ந்து பத்தாண்டு கூட ஆகவில்லை, அத்தனையும் காலாவதி! ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் போர் இழப்பீடு கட்டித் தீர்த்த நாடு, மிச்சமிருந்த பணத்தை இப்படிக் கல்லில் கொட்டியது. இதை மாமேதையின் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

#9 காரைச்சட்டி

நேர்கோடு தம்பி, கேள்வி நியாயம்தான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள்.

கூரை பலமாக இருந்ததா என்பது ஒன்று. கோட்டை நிற்க வேண்டிய இடத்தில் நின்றதா என்பது வேறொன்று. கூரையைத் திருத்தலாம். திருத்தவும் செய்தார்கள்: பழைய கல் வளைவின்மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் மணல் பரப்பி, அதன்மேல் தடித்த கான்கிரீட் தட்டு. மேலே வெடிக்கும் குண்டின் அதிர்வை மணல் வாங்கிக்கொண்டு கல்லுக்குப் போகவிடாது. மெத்தைமேல் பலகை வைத்தது போல. பீரங்கிகளில் பலவற்றைக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய்ப் பரப்பினார்கள். சிலவற்றை எஃகுச் சுழல் கூண்டுக்குள் வைத்தார்கள். எல்லாக் கோட்டைகளுக்கும் செய்யப் பணமில்லை. வெர்தூன், தூல், எபினால், பெல்ஃபோர் போன்ற முன்வரிசைக்கே முதலிடம்.

இடத்தை மாற்ற முடியுமா? முடியாது. 1874-இல் தேர்ந்த அதே மேடுகளைத்தான் 1914-லும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

#10 அகழிக்கரை

காரைச்சட்டி ஐயா திறந்த கதவு வழியே நானும் நுழைகிறேன். திட்டத்தைச் சொல்லாமலே இழை ஓடிக்கொண்டிருக்கிறது.

1871 சமாதான ஒப்பந்தத்தில் பிரான்ஸ் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. மெட்ஸ் போயிற்று, ஸ்ட்ராஸ்பூர் போயிற்று. அவர் இளைஞனாகப் படித்த பள்ளி, நடுவயதில் கட்டிய கோட்டைகள், எல்லாம் எல்லைக்கு அப்பால். புதிய எல்லையில் லொரேன் பக்கம் மலையோ ஆறோ இல்லை, வெறும் கோடு. படையைத் திரட்டவே பல நாள் ஆகும், அதற்குள் எதிரி பாரிஸ் சாலையில் பாதி தூரம் வந்துவிடுவான்.

1872-இல் அதிபர் தியேர் காலத்தில் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. செரே த ரிவியேர் அதன் செயலர் ஆனார். 1874 தொடக்கத்தில் போர் அமைச்சகத்தின் பொறியாளர் துறை இயக்குநர். அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றம் கிழக்கு எல்லைக்கான சட்டத்தை நிறைவேற்றியது.

அவர் வரைந்தது சீனப் பெருஞ்சுவரைப் போன்ற தொடர்சுவர் அன்று. வெர்தூனிலிருந்து தூல் வரை மியூஸ் ஆற்றங்கரை உயரங்களில் ஒரு திரை. எபினாலிலிருந்து பெல்ஃபோர் வரை மொசெல் ஆற்றின் மேற்பகுதியில் இன்னொரு திரை. ஒவ்வொரு கோட்டையும் அடுத்த கோட்டையைப் பீரங்கியால் காக்கும் தூரத்தில். தூலுக்கும் எபினாலுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி, ஷார்ம் வெளி என்று பெயர். வடக்கே வெர்தூனுக்கு அப்பால் இன்னொன்று. இரண்டு கதவை அடைத்து ஒரு சந்தைத் திறந்துவைத்தால், வருபவன் எந்த வழியில் வருவான் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியும். சந்தின் முனையில் படையை நிறுத்தலாம். பின்னே லாங்கர், திஜோன், பெசான்சோன், ரேம்ஸ், லியோன், கடைசியாகப் பாரிஸ் என அடுக்குகள்.

இதை முப்பது ஆண்டு ஊர் ஊராக அலைந்த ஒரு பொறியாளர் மட்டுமே வரைந்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். 1875-இல் மறுபடியும் போர் மூளும் என்ற அச்சம் எழுந்தபோது வெர்தூனைச் சுற்றி அவசர அவசரமாகச் சில அரண்களை எழுப்பினார்கள். 'பீதி அரண்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. அத்தனை அவசரம்.

#11 கீழைக்காற்று

திட்டம் வென்றது என்றே வைத்துக்கொள்வோம். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

கிழக்கு எல்லை கடினமாகிவிட்டதால்தான் ஜெர்மனியின் படைத்தலைமை அதிகாரி ஷ்லீஃபென், 1905 திட்டக் குறிப்பில், அந்தக் கோட்டைகளை மோதாமல் பெல்ஜியம் வழியே சுற்றிவர எண்ணினார். இதைப் பெல்ஜியம் முன்கூட்டியே உணர்ந்திருந்தது. அவர்களுடைய பொறியாளர் ஜெனரல் ப்ரியல்மோன் 1888 முதல் லியேஜ், நாமூர் நகரங்களைச் சுற்றிக் கான்கிரீட் கோட்டைகள் கட்டியது அதற்காகத்தான். 1914 ஆகஸ்டில் பெருங்குழல் பீரங்கிகள் அவற்றை ஒவ்வொன்றாக உடைத்தன. லோன்சேன் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு ஆகஸ்ட் 15 அன்று வெடித்தது. உள்ளே புதைந்தவர்களில் பலர் இன்றும் அங்கேயே கிடக்கிறார்கள். அதன்பின் தினான், லூவென் ஊர்களில் பொதுமக்களைக் கொன்றார்கள், நூலகத்தை எரித்தார்கள்.

நம் வீட்டு வாசலுக்கு இரும்புக் கதவு போட்டால் திருடன் பக்கத்து வீட்டுச் சுவரேறுகிறான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் போருக்கே சம்பந்தமில்லாதவன்.

#12 அகழிக்கரை

கீழைக்காற்று அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். பெல்ஜியத்தின் நடுநிலையை மீறியது ஜெர்மனியின் குற்றம். அதைக் கதவு போட்டவன்மேல் சுமத்த மாட்டேன். ஆனால் ஒரு நாட்டின் சுவர் இன்னொரு நாட்டின் தலைவிதியை மாற்றும் என்பதை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் குறிப்பதில்லை என்பது உண்மை.

இந்தக் கோட்டைகளால் பயன் உண்டா என்று நேர்கோடு எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஷார்ம் வெளி. 1914 ஆகஸ்ட் 24 முதல் 26 வரை, லொரேனில் வென்று முன்னேறிய ஜெர்மன் ஆறாம் படை அந்தச் சந்துக்குள்ளேயே வந்தது. பிரெஞ்சுத் தளபதிகள் கஸ்தெல்னோ, துபாய்ல் இருவரும் இரு பக்கத்திலிருந்தும் அடித்துத் துரத்தினார்கள். நாற்பது ஆண்டு முன்பு தாளில் எழுதியது மண்ணில் நடந்தது.

இரண்டாவது, த்ருவாயோன். வெர்தூனுக்குத் தெற்கே மியூஸ் உயரத்தில் இருந்த ஒரு திரைக்கோட்டை. நானூற்றைம்பது பேர் அளவில் காவல். பெரும்பகுதி பழைய கல் கட்டடம்தான், மல்மெஸோனில் பொத்துப்போன அதே வகை. 1914 செப்டம்பர் 8-இல் மார்ன் போர் உச்சத்தில் இருக்கும்போது ஜெர்மானியர்கள் அதைச் சுட்டுத் தள்ளினார்கள். சரணடையக் கேட்டு வந்த தூதரைக் கோட்டைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் தாங்கியது. அது விழுந்திருந்தால் ஜெர்மானியர்கள் ஆற்றைக் கடந்து வெர்தூனின் முதுகுப்புறம் வந்திருப்பார்கள்.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். வெர்தூன், 1916. பெல்ஜியக் கோட்டைகள் உடைந்ததைப் பார்த்த பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ர், 1915 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கோட்டைகளின் காவலையும் நகர்த்தக்கூடிய பீரங்கிகளையும் எடுக்க உத்தரவிட்டிருந்தார். விளைவு: எல்லாவற்றிலும் பெரிய தூவோமோன் கோட்டையை 1916 பிப்ரவரி 25 அன்று சில டஜன் ஜெர்மன் வீரர்கள் ஏறக்குறையச் சண்டையே இல்லாமல் பிடித்தார்கள். அதை மீட்க எட்டு மாதமும் கணக்கற்ற உயிர்களும் ஆயின. ஜூனில் வோ கோட்டையில் மேஜர் ரேனாலின் ஆட்கள் இருண்ட தாழ்வாரங்களுக்குள் மணல்மூட்டைகளுக்குப் பின்னே நின்று கையெறிகுண்டோடு சண்டையிட்டார்கள். அவர்களை வென்றது தாகம். நீர்த்தொட்டியில் இருப்பதாக நம்பிய தண்ணீர் உண்மையில் இல்லை. சுவரில் கசிந்த ஈரத்தை நக்கினார்கள். ஜூன் 7 அன்று வெளியே வந்தபோது பலர் குண்டுக் குழிகளில் தேங்கிய நீரில் வாய்வைத்துக் குடித்தார்கள்.

இவ்விரண்டும் செரே த ரிவியேர் பதவியிலிருந்து போனபின் கட்டியவை. அவர் காலத்திலேயே, 1870-களின் பிற்பகுதியில் எழுந்தது சூவில் கோட்டை. வெர்தூன் நகரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். 1916 ஜூலையில் ஜெர்மானியர்கள் நச்சுவாயுக் குண்டுகளைப் பொழிந்துவிட்டு அதை நோக்கி வந்தார்கள். ஜூலை 12 காலையில் சிலர் கோட்டையின் மேட்டில் ஏறியும் விட்டார்கள். உள்ளே லெஃப்டினென்ட் க்ளேபேர் துப்பூய் என்பவர் தலைமையில் சுமார் அறுபது பேர் இருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகளோடு வெளியே வந்து அவர்களை விரட்டினார்கள். வெர்தூனில் ஜெர்மனியின் முன்னேற்றம் அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை.

கோட்டையில் அப்போது வடிவமே மிச்சமில்லை, வெறும் மண்ணும் கல்லும் கலந்த குவியல். ஆனால் அது நிற்க வேண்டிய மேட்டில் நின்றது.

#13 நேர்கோடு

சூவில் பற்றி எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்தேன், உண்மைதான். என் பதிவில் "கல்லில் கொட்டியது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் மனோன்வில்லேயை நீங்கள் சொல்லாமல் விட்டது சரியாகாது. லூனேவில் அருகே, எல்லையை ஒட்டி, நவீனமாக்கப்பட்ட வலிமையான கோட்டை. 1914 ஆகஸ்ட் 27-இல், இரண்டு நாளைக்குச் சற்று மேலாக நடந்த குண்டுவீச்சில் சரணடைந்தது. சேன் மியேலுக்கு மேலே இருந்த ரோமானியர் முகாம் கோட்டையும் செப்டம்பர் 25-இல் விழுந்தது. அதனால் போர்முனையில் ஏற்பட்ட ஜெர்மன் பிதுக்கத்தை 1918 செப்டம்பர் வரை அகற்ற முடியவில்லை. வென்றதை எழுதும்போது இவற்றையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

#14 காரைச்சட்டி

எழுத வேண்டும்தான். நேர்கோடு தம்பியின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. பணியில் இருந்தபோது ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டினோம். ஒன்பது ஆண்டு வெள்ளமே வரவில்லை. "இத்தனை லட்சத்தை ஆற்றோரம் புதைத்துவிட்டுப் போய்விட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். மேலதிகாரி ஒருவர் கோப்பில் "தேவையற்ற செலவு" என்று எழுதியும் வைத்தார். பத்தாவது ஆண்டு வெள்ளம் வந்தது. சுவர் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் உடைவதற்குள் ஓர் இரவு முழுவதும் தாங்கியது. அந்த இரவில் ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் வந்தவர்கள் உடைந்த இரண்டு இடத்தைத்தான் படம் எடுத்தார்கள்.

அதனால் செரே த ரிவியேர் கதையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் கூடுதல் நாட்கள். த்ருவாயோனின் ஐந்து நாள்.

#15 மணல்வீடு

அவர் எப்படி ஓய்வு பெற்றார் என்று யாரும் சொல்லவில்லையே? பட்டம், பதக்கம், மார்ஷல் பதவி ஏதாவது கிடைத்ததா?

#16 அகழிக்கரை

மார்ஷல் ஆகவில்லை. 1880 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மக்மஹோன் அதிபர் பதவியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆட்சியில் புதிய ஆட்கள். தன்னிச்சையாகச் செலவு செய்கிறார், யாரையும் கேட்பதில்லை என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. வேலை பாதியில் நிற்கும்போதே அவர் வெளியே போனார். ஆறு ஆண்டு மட்டுமே அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். பிரான்ஸின் எல்லைகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் இன்றும் கிடக்கும் கல்லும் மண்ணும் அந்த ஆறு ஆண்டின் விளைவு.

மல்மெஸோன் சோதனை நடந்தபோது உயிரோடு இருந்தார், வயது 71. தன் கல் வளைவுகள் பொத்துக்கொண்டன என்ற செய்தி அவர் காதுக்கு எப்படி வந்திருக்கும் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். 1895 பிப்ரவரி 16 அன்று பாரிஸில் இறந்தார். சூவில் மேட்டில் அந்த அறுபது பேர் நின்றது அதற்கு இருபத்தொரு ஆண்டுக்குப் பிறகு. வெர்தூன் முனையில் 1914-இல் காயம்பட்ட சார்ஜென்ட் ஒருவர் பின்னாளில் போர் அமைச்சராகி அடுத்த அரண்வரிசைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். ஆந்த்ரே மாஜினோ.

#17 செம்பருத்தி

அகழிக்கரை அவர்களே, கம்யூன் பற்றி நான் எழுதியதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. என் கருத்து மாறவில்லை. ஆனால் வோ கோட்டையின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மாணவிகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

#18 அகழிக்கரை

ஒதுக்கப்பட்ட காவலர் சுமார் 250 பேர். சுற்றுப்புறப் பதுங்குகுழிகளிலிருந்து பின்வாங்கி வந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து அறுநூறுக்கும் மேல் ஆகிவிட்டார்கள். தொட்டி 250 பேருக்கான கணக்கு. ஜூன் 4 அன்று கடைசித் தூதுப் புறாவையும் விட்டார்கள். நச்சுவாயுவில் நனைந்த அந்தப் பறவை செய்தியைச் சேர்த்துவிட்டுச் செத்தது.

#19 பாரிஸ்_புறநகர்

நேற்று மறுபடியும் சூசி கோட்டைக்குப் போனேன். இந்த முறை பதினோரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு. காரைச்சட்டி அண்ணா சொன்ன விளக்கு மாடத்தைக் காட்டினேன். அவள் நடைவழிப் பக்கம் ஓடிப்போய்க் கைபேசியின் வெளிச்சத்தை மாடத்தில் வைத்தாள். நான் இந்தப் பக்கம் இருட்டில் நின்றேன். எதிர்ச்சுவரில் ஒரு சதுரம் ஒளிர்ந்தது. "அப்பா, தெரிகிறதா?" என்று கேட்டாள். குரல் சுவரைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தது.

தெரிகிறது என்று சொன்னேன். பிறகு வாயிலுக்கு வந்து, பலகையிலிருந்த அந்த ஒற்றை வரியை அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.